உளுந்தில் பனி: மருந்து அடிக்க வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: "சம்பா அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்தேன். இப்போது பனி கொட்டுகிறது. பனியில் பயிர் கருகிவிடும், உடனே மருந்து அடியுங்கள் என்கிறார் கடைக்காரர். அடிக்கலாமா?"

வேண்டாம் ஐயா. தண்ணீர் கட்டாத நெல் தரிசில், அதாவது நெல் அறுத்த வயலில், உளுந்து விளைவதே அடி ஈரத்தாலும் பனியாலும்தான். நன்றாகப் பனி பெய்த இரவில் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் நீர் சேரும். ஏக்கருக்கு 800 லிட்டர். பாசனத்துக்கு இது ஈடாகாது, பயிரின் ஒருநாள் தேவை அதைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த ஈரம் காயும்வரை இலை வேரிலிருந்து அதிகம் இழுக்காது. மண்ணின் ஈரம் அந்த அளவுக்கு மிஞ்சும். உளுந்து இலையின் பூனைமயிரில் துளிகள் கோத்து நிற்பதை விடியலில் குனிந்து பாருங்கள். சிலந்தியும் சிறு குளவிகளும் அதைத்தான் குடிக்கின்றன. புழுவைப் பிடிப்பவை அவைதான். வீணாகப் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவதும் அவைதான்.

இலை மஞ்சளாகத் திட்டுத்திட்டாக இருந்தால் அது மஞ்சள் தேமல். வெள்ளை ஈ பரப்பும் நோய். பனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைக் காட்டித்தான் "பனி மருந்து" என்று பூஞ்சாண மருந்தைத் தலையில் கட்டுகிறார்கள். தேமல் வந்த செடியைப் பிடுங்கி அழியுங்கள். எந்த மருந்து வாங்கினாலும் ரசீது கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஒரு விலக்கு உண்டு. தெளிந்த வானத்துப் பனி வெயில் ஏறியதும் காய்ந்துவிடும். மூடுபனி அப்படியல்ல. மேகமூட்டமும் மூடுபனியும் நாலைந்து நாள் தொடர்ந்து, காலை பத்து மணிக்கும் இலை சொட்டச்சொட்ட இருந்தால் துரு போன்ற நோய்களுக்கு வழி. அப்போதும் கடைக்கு ஓடாதீர்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். துருப்பிடித்தது போன்ற புள்ளி இருந்தால் செடியோடு வேளாண் அலுவலரிடம் போங்கள். அவர் வயலுக்கு வரவேண்டும் என்பதுதான் முறை. ஒருவர் தலையில் இத்தனை கிராமங்களைச் சுமத்திவிட்டு எப்படி வருவார்? அந்த இடைவெளியில்தான் கடைக்காரர் நிபுணராகிறார். விதையும், மண்ணில் விதைப்புக்கு ஏற்ற ஈரமான மெழுகுபதம் போனபிறகு வந்து சேருகிறது; பிந்தி விதைத்த பயிருக்குப் பனி எங்கே கிடைக்கும்?

செலவழிக்க நினைத்த பணத்தில் டிஏபி உரம் வாங்குங்கள். ஏக்கருக்கு 4 கிலோவை முதல்நாள் இரவே ஊறவைத்து, தெளிவை வடித்து, 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை தெளியுங்கள். வெயில் தாழ்ந்த மாலையில் செய்யுங்கள். பனி காயாத இலையில் அடித்தால் கரைசல் வழிந்து மண்ணுக்குப் போய்விடும்.