ஸ்டேஷனில் இறங்கியதும் எந்தப் பக்கம்?

கேள்வி: டிசம்பர் கடைசியில் அம்மாவுடன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் முதல் முறையாக டெல்லி போகிறேன். இறங்கியதும் ஆட்டோவா, மெட்ரோவா? – வாசகி, விழுப்புரம்

பதில்: மெட்ரோதான். ஆனால் புதுடெல்லி ஸ்டேஷனில் வெளியேறும் பக்கம் முக்கியம். 1-ஆம் பிளாட்பாரம் இருப்பது பஹாட்கஞ்ச் பக்கம். மெட்ரோ இருப்பது எதிர்முனையில், 16-ஆம் பிளாட்பாரத்தை ஒட்டிய அஜ்மீரி கேட் பக்கம். நடைமேம்பாலத்தில் ஏறியதுமே எந்தப் பக்கம் என்று பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தவறான பக்கம் இறங்கினால், பெட்டியோடு அம்மாவை மறுபடி படியேற வைக்க வேண்டியிருக்கும். வழியில் "உங்க ஓட்டல் மூடிட்டாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது வந்தால் நிற்காமல் நடங்கள். கமிஷனுக்காகச் சொல்லும் பொய் அது.

மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் தெற்கே அடுத்த நிறுத்தமே ராஜீவ் சௌக், அதாவது டெல்லியின் மையக் கடைவீதியான கன்னாட் பிளேஸ். செங்கோட்டைக்குப் போக, புதுடெல்லியிலிருந்து வடக்கே மூன்றாவது நிறுத்தமான காஷ்மீரி கேட்டில் ஊதாத் தடத்துக்கு மாறினால், அடுத்ததே லால் கிலா, அதாவது செங்கோட்டை ஸ்டேஷன். குதுப் மினார் ஸ்டேஷனிலிருந்து கோபுரம் நடக்கும் தூரம் அல்ல; அங்கே ஆட்டோ பிடியுங்கள்.

ஸ்மார்ட் கார்டு வாங்கினால் கட்டணத்தில் 10% குறையும், வரிசையும் மிச்சம். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. நெரிசல் நேரத்தில் அம்மாவுக்கு அதுதான் நல்லது.

திங்கட்கிழமை செங்கோட்டையும் தேசிய அருங்காட்சியகமும் விடுமுறை. ஆக்ராவும் போவதென்றால் வெள்ளி வேண்டாம், அன்று தாஜ்மஹால் மூடியிருக்கும். இன்னொன்று: டிசம்பரில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். போய்ச் சேரும் நாளில் எந்த முன்பதிவும் வைக்காதீர்கள்.