மாட்டை ஏன் இழுத்துக் கட்டுகிறீர்கள்?

கேள்வி: பென்னாகரம் பக்கம் கிராமம். இரண்டு கலப்பினக் கறவை மாடுகள், ஏழு மாதச் சினையில் ஒரு கிடேரி, அப்பா காலத்து நாட்டு மாடு ஒன்று வைத்திருக்கிறேன். 850 அடி, 1,100 அடி என்று போட்ட இரண்டு போரும் காய்ந்துவிட்டன. டிராக்டர் டேங்கரில் விலைக்குத் தண்ணீர் வாங்கி, மாட்டுக்கு மூன்று பக்கெட் காட்டுகிறேன். இரண்டும் சேர்ந்து 20 லிட்டர் கறந்தது, 12-க்கு இறங்கிவிட்டது. புண்ணாக்கைக் கூட்டியும் ஏறவில்லை. இதில் கிழட்டு மாடு வேறு தொல்லை. அவிழ்த்தால் அண்ணன் கிணற்றுத் தொட்டிக்கே ஓடுகிறது, தினமும் இழுத்து வந்து கட்ட வேண்டியிருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவில் அண்ணன் பங்கு கேட்டு வந்த சண்டையில் மூன்று வருடமாகப் பேச்சில்லை. கடன் வாங்கி மூன்றாவது போர் போடலாமா, மாடுகளை விற்றுவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகலாமா?

பதில்: தம்பி, போரையும் கம்பெனியையும் அப்புறம் பேசலாம். அண்ணன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை, உங்கள் மாடு சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. வற்றிய தொட்டிக்கு எந்த மாடும் தினமும் ஓடாது.

அப்பா இருந்த நாளிலிருந்து அது வாய் வைத்துக் குடித்த தொட்டி அது. பாகம் பிரித்தது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. உச்சி வெயிலில் தண்ணீரைத் தேடிப் போகிற வாயில்லா ஜீவனைக் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்து வருகிறீர்களே, கொட்டாயில் அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? மூன்று பக்கெட். அதைத் தொல்லை என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

15 லிட்டர் பக்கெட் என்றே வைத்துக்கொண்டாலும் 45 லிட்டர்தான். பத்து லிட்டர் கறக்கிற கலப்பின மாட்டுக்குச் சித்திரை வெயிலில் 80 லிட்டராவது வேண்டும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான், அது வேறு எங்கிருந்து வரும்? தண்ணீர் குறைந்தால் மாடு தீனியைக் குறைக்கும், அடுத்து பால் குறையும். புண்ணாக்கைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. நாளைக் காலையில் சாணியைப் பாருங்கள், இறுகிக் கட்டி கட்டியாக இருக்கும். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பு அப்படியே நின்றால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். சினைக் கிடேரியை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. வயிற்றுக் கன்று வேகமாக வளர்வதே இந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான்.

சரி, காயில் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணன் உங்களிடம் செலவில் பங்கு கேட்டார் என்றால் அந்தக் கிணற்றில் உங்களுக்கும் பங்கு இருந்திருக்கிறது. பங்கில்லாதவனிடம் யார் பங்கு கேட்பார்கள்? இன்றைக்கு அதை 'அண்ணன் கிணறு' என்று எழுதுகிறீர்கள். நம் மாநிலத்தில் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் காசுகூடக் கிடையாது, வருகிற செலவே ரிப்பேர்தான். அந்தச் சில ஆயிரத்தில் பாதியைத் தர மனம் வராமல், லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பாறையைத் துளைக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

துளைக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் அடியில் இருப்பது கடும்பாறை. வெடிப்பு சிக்கினால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் புழுதி. இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள். ஆழத்தில் கிடைத்தாலும் ஃபுளோரைடு பயம் இருக்கிறது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது? மனுஷர் பல்லைக் கறையாக்குகிற தண்ணீர் மாட்டின் பல்லையும் எலும்பையும் விட்டுவைக்காது. விற்பதும் வேண்டாம். கோடையில் எல்லோரும் மாட்டைச் சந்தைக்கு ஓட்டும்போது சினைக் கிடேரிகூட அடிமாட்டு விலைக்குத்தான் போகும்.

சண்டையில் யார் மேல் தப்பு என்று நான் கேட்கப்போவதில்லை. அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் அந்த இடம், தம்பிதான் படி ஏற வேண்டும். பழங்காலம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், நான் இதில் மாறமாட்டேன். ஊர்ப் பொதுவில் தண்ணீர்த் தொட்டி கட்டி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ளப் பக்கத்திலேயே ஆவுரிஞ்சுக் கல்லும் நட்ட மண் இது. யார் வீட்டு மாடு என்று கேட்டா நட்டார்கள்? உங்கள் வீட்டில் கூடப்பிறந்தவன் தொட்டியில் வாய் வைக்க மாட்டுக்கு வழியில்லை. அண்ணன் விரட்டினார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, கவனித்தீர்களா? இழுத்து வருவது நீங்கள்தான்.

நாளைச் சாயங்காலம் பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, காயில் பணத்தில் உங்கள் பாதியை எடுத்துக்கொண்டு போங்கள். பழங்கதை பேசாதீர்கள். கொல்லைக்குத் தண்ணீர் கேட்காதீர்கள். "அண்ணா, மாட்டுக்கு மட்டும் தண்ணி காட்டிக்கிறேன்" என்று கேளுங்கள், போதும். பாகப்பத்திரத்தில் கிணற்றுப் பங்கு எழுதியிருக்கிறதா என்று வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அதுவரை டேங்கர் தண்ணீரைக் கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் வெயிலில் காயவிடாமல் நிழலில் சிமெண்டுத் தொட்டியில் ஊற்றுங்கள். சுட்ட தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கறந்த கையோடு காட்டுங்கள், அப்போதுதான் நிறையக் குடிக்கும். ராத்திரியும் ஒரு முறை காட்டுங்கள். பக்கெட்டை எண்ணாதீர்கள்.

அண்ணன் முகம் கொடுக்கவில்லை என்றால் பணத்தை அண்ணி கையில் கொடுத்துவிட்டு வாருங்கள், மறுநாளும் போங்கள். போர் வண்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை இன்றைக்கே திரும்பக் கேளுங்கள்.