முடிவெடுக்கும் இடத்தில் யார்?: வாசகர் கேள்வி – பதில்

நிறுவனங்களின் உச்சியிலும் அதிகாரப் பொறுப்புகளிலும் பலதரப்பட்டவர்கள் இடம்பெறுவது குறித்து வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இம்முறை பதிலளிக்கிறேன். ஒரே கருத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களை இணைத்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தகுதியுள்ளவர் தலைவராகட்டும். அவர் ஆணா, பெண்ணா, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று பார்ப்பதே தவறல்லவா? பன்முகத்தன்மை என்ற பெயரில் தகுதியைக் காவு கொடுக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில்: தகுதியுள்ளவரே தலைவராக வேண்டும் என்பதில் உங்களோடு எனக்குச் சிறிதும் வேறுபாடு இல்லை. இப்போது அப்படித்தான் நடக்கிறது என்று நீங்கள் கொள்ளும் அனுமானத்தில்தான் வேறுபடுகிறேன். சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த கல்வித் தகுதியுடைய விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெயர்கள் மட்டும் வெவ்வேறு. உயர்சாதி இந்துப் பெயர்களைத் தாங்கிய விண்ணப்பங்களைவிடத் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாகவே இருந்தது. சான்றிதழை வைத்து ஒப்பிட முடிகிற தொடக்கநிலை வேலைகளிலேயே இந்த நிலை.

மேலே செல்லச் செல்ல அளவுகோல் இன்னும் மங்குகிறது. தலைமைச் செயல் அதிகாரி பதவிக்குப் போட்டித் தேர்வு கிடையாது. இயக்குநர் குழுவில் ஓர் இடம் காலியானால், பெரும்பாலும் இருக்கிற உறுப்பினர்களிடம் "உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்றுதான் முதலில் கேட்கப்படுகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977-இலேயே இதை விளக்கிவிட்டார்: எதிர்காலம் நிச்சயமற்றதாக இருக்கும்போது மேலாளர்கள் நம்பத்தகுந்த ஒருவரைத் தேடுகிறார்கள், தம்மைப் போலவே இருப்பவரை நம்புவதுதான் அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. இதில் யாருடைய தீய எண்ணமும் தேவைப்படுவதில்லை என்பதுதான் சிக்கலே. நிறுவனரின் மகன் படிப்பு முடித்த கையோடு இயக்குநராகும்போது தகுதியைப் பற்றிக் கடிதம் எழுதுவோர் குறைவு என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: பலதரப்பட்டவர்கள் தலைமையில் இருக்கும் நிறுவனங்கள் அதிக லாபம் ஈட்டுகின்றன என்று ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகள் கூறுகின்றன. இதை நம்பலாமா?

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். மெக்கின்சி நிறுவனம் 2015-இலிருந்து வெளியிட்டுவரும் அறிக்கைகள்தாம் இவ்வாதத்தின் ஊற்றுக்கண். ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்ற இரு கணக்கியல் பேராசிரியர்கள் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 என்ற பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பெரிய நிறுவனங்களை வைத்து அதே தொடர்பைக் கண்டறிய முயன்று, அது கிடைக்கவில்லை என்று 2024-இல் எழுதினார்கள். தொடர்பு இருந்தாலும்கூட, எது காரணம், எது விளைவு என்ற கேள்வி எஞ்சும். நன்றாக லாபம் ஈட்டும் பெரிய நிறுவனமே பல இடங்களிலிருந்தும் ஆட்களைத் தேடி எடுக்கும் வசதியுடையது அல்லவா?

லாபக் கணக்கை முன்னிறுத்துவதே எனக்கு உடன்பாடான வழியன்று. ஒருவரைச் சேர்த்துக்கொள்வதால் லாபம் வரும் என்பதற்காகச் சேர்த்தால், லாபம் குறைந்த ஆண்டில் அவரை வெளியேற்றவும் அதே கணக்கு போதும். பெரும்பான்மையினத்து ஆண்கள் மட்டுமே நிறைந்த ஒரு குழுவிடம், நீங்கள் அங்கே இருப்பதால் எத்தனை விழுக்காடு லாபம் கூடியது என்று எவரும் சான்று கேட்பதில்லை.

கேள்வி: சட்டம் போட்டு எண்ணிக்கையை உயர்த்துவதால் உண்மையில் ஏதாவது மாறுமா? ஏட்டளவில் நின்றுவிடாதா?

பதில்: எண்ணிக்கையை மாற்றும் வல்லமை சட்டத்துக்கு உண்டு என்பதில் ஐயமே வேண்டாம். நார்வே 2003-இல், பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இரு பாலினத்தவரும் ஏறத்தாழ 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அப்போது அக்குழுக்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2008-க்குள் இணங்காத நிறுவனம் கலைக்கப்படலாம் என்ற தண்டனை இருந்ததால், கெடு முடியும் வேளையில் இலக்கு எட்டப்பட்டது. சில நிறுவனங்கள் சட்டத்துக்கு உட்படாத வேறு நிறுவன வடிவத்துக்கு மாறிக்கொண்டன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. மரியான் பெர்ட்ராண்ட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்தபோது, ஒதுக்கீட்டால் வந்த பெண் இயக்குநர்கள் முன்பிருந்த பெண் இயக்குநர்களைவிடக் கூடுதல் தகுதி உடையவர்களாகவே இருந்தனர். தகுதியானவர்கள் கிடைக்க மாட்டார்கள் என்ற அச்சம் பொய்த்தது. ஆனால் அதே நிறுவனங்களில் கீழ்நிலையில் பணியாற்றிய பெண்களின் ஊதியத்திலோ பதவி உயர்விலோ பெரிய மாற்றம் எதையும் அவர்கள் காணவில்லை. அதாவது, குழுவின் மேசையைச் சுற்றியிருந்த முகங்கள் மாறின. அன்றாட முடிவுகளை எடுக்கும் நிர்வாகப் படிக்கட்டு பெரும்பாலும் பழையபடியே நின்றது.

இந்தியாவின் அனுபவம் வேறு வகை. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 149-ஆம் பிரிவு, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பிற பொது நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்றது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்த கெடு 2015 ஏப்ரல் முதல் தேதி வரை நீட்டிக்கப்பட்டது. கெடு நெருங்கிய வாரங்களில் பல நிறுவனங்கள் புரமோட்டரின், அதாவது நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவரின், மனைவியை, மகளை, மருமகளை நியமித்துக் கணக்கை நேர் செய்தன. அவர்களில் திறமையானவர்கள் இருந்திருக்கலாம். ஆயினும், குடும்பத் தலைவரின் முடிவைக் குழுவில் மறுத்துப் பேசும் நிலையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இந்த ஓட்டையை அடைக்கத்தான், நிறுவனத்தோடு நலத்தொடர்பு இல்லாத சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்ற விதியை, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019-இலும் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2020-இலும் செபி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டம் போட்டால் போதுமா என்று கேட்பதைவிட, சட்டம் எந்த நாற்காலியைக் குறிவைக்கிறது, அந்த நாற்காலிக்கு மறுத்துப் பேசும் வலு உண்டா என்று கேட்பது பயன்தரும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு முதன்முறையாக ஒரு பெண் தலைவராக வந்தார். கீழே இருக்கும் எங்களுக்கு எதுவும் மாறவில்லை. பிறகு எதற்கு இந்தக் கொண்டாட்டம்?

பதில்: உங்கள் ஏமாற்றம் புரிகிறது. தனியொருவராக மேலே வருபவர் மேல் இரட்டைச் சுமை விழுகிறது. அவர் தவறினால் அவருடைய இனமோ பாலினமோ தவறியதாகப் பேசப்படும். தம்மைப் போன்றவர்களுக்குக் கை கொடுத்தால் சலுகை காட்டுகிறார் என்று சொல்லப்படும். மேலும், நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருக்கும்போதுதான் பெண்களுக்குத் தலைமை தரப்படும் போக்கு உண்டு என்று மிஷல் ரயன், அலெக்சாண்டர் ஹாஸ்லம் ஆகியோர் 2005-இல் எடுத்துக்காட்டினர். உங்கள் தலைவர் எத்தகைய நிலையில் பொறுப்பேற்றார் என்பதையும் பாருங்கள்.

எனினும், அதிகாரத்தில் வேறொருவர் அமர்ந்தால் முடிவுகள் மாறும் என்பதற்கு வலுவான சான்று ஒன்று உண்டு. அது பெருநிறுவனங்களிலிருந்து வந்ததன்று, ஊராட்சிகளிலிருந்து வந்தது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியே ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் எந்த ஊராட்சிக்கு ஒதுக்கீடு என்பது சுழற்சி முறையில், எவருடைய விருப்பத்தையும் சாராமல் அமைந்ததால், ஒதுக்கிய ஊர்களையும் ஒதுக்காத ஊர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ ஆகியோர் 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்கள் தலைமை வகித்த ஊராட்சிகள் குடிநீர் போன்ற, பெண்கள் அதிகம் முறையிட்டுவந்த தேவைகளுக்குக் கூடுதலாகச் செலவிட்டன.

2009-இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் சுவையானது. பெண் தலைமையை நேரில் கண்டுவிட்ட ஊர்களில், பெண்ணால் நிர்வகிக்க முடியாது என்ற ஆண்களின் எண்ணம் தளர்ந்திருந்தது. இரண்டு முறை ஒதுக்கீடு பெற்ற இடங்களில், ஒதுக்கீடு இல்லாத தேர்தலிலும் பெண்கள் போட்டியிட்டு வெல்லும் வாய்ப்பு கூடியிருந்தது. முதல் முறையே எல்லாம் மாறிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஊராட்சித் தலைவரின் கையில் பணமும் கையெழுத்து அதிகாரமும் இருந்தன என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

கேள்வி: எப்போதும் பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்திய நிறுவனங்களில் சாதியைப் பற்றி ஏன் பேச்சே இல்லை?

பதில்: நியாயமான குற்றச்சாட்டு. எண்ணப்படாத ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. அஜித், டோங்கர், சக்சேனா ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவின் முன்னணி 1,000 நிறுவனங்களின் இயக்குநர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான். இந்த எண்களைத் தொகுத்தவர்கள் ஆய்வாளர்கள். நிறுவனங்கள் தாமாக வெளியிட்டவை அல்ல. குழுவில் எத்தனை பெண்கள் என்பதைப் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் தெரிவிக்கின்றன, அதனால் அது செய்தியாகிறது. சாதி வாரியான கணக்கு அந்த அறிக்கைகளில் இல்லை. எண்ணத் தொடங்குவதே இங்கு முதல் படி.

கேள்வி: அமெரிக்காவில் இம்முயற்சிகளையெல்லாம் கைவிடுகிறார்களாமே? காற்று திரும்பிவிட்டதா?

பதில்: அங்கே திரும்பியிருக்கிறது. இயக்குநர் குழுவில் பெண்கள் வேண்டும் என்ற கலிபோர்னியாவின் 2018-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீதிமன்றம் 2022-இல் செல்லாது என்றது. நாஸ்டாக் பங்குச் சந்தையின் இது போன்ற விதி 2024 டிசம்பரில் வீழ்ந்தது. 2025 ஜனவரியில் வந்த அதிபர் ஆணைகளுக்குப் பிறகு பல நிறுவனங்கள் தம் திட்டங்களைச் சுருக்கின. ஐரோப்பிய ஒன்றியமோ 2022-இல் எதிர்த்திசையில் சட்டம் செய்து, பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு 2026 ஜூன் இறுதியைக் கெடுவாக வைத்தது. அறிவிப்போடு தொடங்கிய திட்டங்கள் அறிவிப்போடு முடிந்ததில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் உயர் பதவிகளுக்கான தேர்வுக் குழுவில் இருக்கிறேன். கொள்கை முழக்கம் வேண்டாம்; அடுத்த கூட்டத்தில் நான் செய்யக்கூடியது என்ன?

பதில்: முதலில், உங்கள் மதிப்பெண் படிவத்தை எடுத்துப் பாருங்கள். "நம் குழுவோடு பொருந்துவாரா?" என்றோ "தலைமைத் தோற்றம்" என்றோ ஒரு கட்டம் இருந்தால், அங்கேதான் முன்முடிவு ஒளிந்திருக்கும். ஒருவர் பேசும் உச்சரிப்பு, படித்த கல்லூரி, விருந்தில் பழகும் பாங்கு எல்லாம் அக்கட்டத்துக்குள் நுழைந்து மதிப்பெண்ணாகிவிடும். அதை நீக்கிவிட்டு, அந்தப் பதவியில் முதல் ஆண்டில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றை முன்வைத்து, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். உறுப்பினர்கள் கலந்து பேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண் எழுதித் தரட்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் பேனா அவர் பக்கமே சாயும்.

அடுத்தது, இறுதிப் பட்டியல். நால்வர் பட்டியலில் ஒரே ஒரு பெண் இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்றும், இருவராகும்போது நிலைமை வெகுவாக மாறுகிறது என்றும் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. அப்பெண் தனியாக இருக்கும்போது வேறுபாடுதான் கண்ணில் படுகிறது. இருவராகும்போது திறமை கண்ணில் படத் தொடங்குகிறது. ஆகவே பட்டியலுக்கு ஒருவரைச் சேர்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

மூன்றாவது, உங்கள் குழுவின் கைக்கு வெளியே இருப்பது. ஆனாலும் மிக முக்கியமானது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் 1980-இல் கோடைக்காலப் பயிற்சியாளராகச் சேர்ந்த அர்சுலா பர்ன்ஸ், 2009-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களை வரிசைப்படுத்தும் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் உள்ள நிறுவனமொன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. இடையில் நடந்தவற்றில் முக்கியமானது, மூத்த நிர்வாகிகள் இருவரின் உதவியாளராக அவர் அமர்த்தப்பட்டது. முடிவுகள் பிறக்கும் அறையில் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது. உங்கள் நிறுவனத்தில் அப்படிப்பட்ட உதவியாளர் பணிகள் யார் யாருக்குக் கிடைக்கின்றன, லாப நட்டப் பொறுப்புள்ள பிரிவுகள் யாரிடம் தரப்படுகின்றன, மனிதவளம், விளம்பரம் போன்ற பிரிவுகளுக்கு மட்டுமே யாரை அனுப்புகிறீர்கள் என்று கடந்த ஐந்து ஆண்டுகளுக்கான பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து உங்கள் தேர்வுக் குழுவின் மேசைக்கு வரப்போகும் பெயர்கள் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.