தோட்டத்துக் கேள்விகள்: வீட்டுக்குள் ஆர்க்கிட்டுக்கு எந்த விளக்கு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விளக்கைப் பற்றியவை. “வேலூரில் வெயிலுக்கா பஞ்சம், செடிக்கு விளக்கு எதற்கு?” என்று எங்கள் தெருவில் என்னையும் கேட்டிருக்கிறார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லை. அந்த வெயிலுக்குப் பயந்துதான் செடியை உள்ளே தூக்கி வருகிறோம். வந்த இடத்தில் அது பட்டினி கிடக்கிறது. ஆகவே இம்முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்து இதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அம்மா, வணக்கம். மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். வடக்குப் பார்த்த ஒரே ஜன்னல். பெங்களூருவிலிருந்து பூவோடு வாங்கி வந்த பலெனாப்சிஸ் வகை ஆர்க்கிட் இரண்டு மாதம் பூத்து நின்றது. அதன் பிறகு பதினான்கு மாதமாக இலை மட்டும்தான். இலை கரும்பச்சையாக, நீளமாக, தொங்கலாக இருக்கிறது. ஹாலில் ட்யூப் லைட் காலை முதல் இரவு பத்து மணி வரை எரிகிறது. அது போதாதா? என்ன விளக்கு வாங்க வேண்டும்?
— ஒரு வாசகி, சத்துவாச்சாரி

போதாது. கரும்பச்சை இலையைப் பார்த்து, செடி செழிப்பாக இருக்கிறது என்று நானும் இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். பலெனாப்சிஸைப் பொறுத்தவரை அது வெளிச்சம் கிடைக்காத இலையின் நிறம். போதிய வெளிச்சத்தில் இருக்கும் இலை இளம்புல்லின் பச்சையில் இருக்கும். தொங்காது, சற்று நிமிர்ந்து நிற்கும்.

ஹாலில் அமர்ந்து செய்தித்தாள் படிக்க முடிகிறதே என்று நினைப்பீர்கள். இந்த விஷயத்தில் கண்ணின் சாட்சியை ஏற்காதீர்கள். மங்கலான இடத்தில் கண்பாப்பா அகன்று, வெயிலில் சுருங்கி, எல்லா இடத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலக் காட்டுவதுதான் கண்ணின் வேலை. நான் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். ஓய்வுபெற்ற பிறகு முதலில் வாங்கிய கருவி ஒரு லக்ஸ் மீட்டர்; ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று லக்ஸ் கணக்கில் காட்டும். அதை வைத்து எங்கள் வீட்டை ஒரு சித்திரை நாளில் அளந்தேன். மொட்டைமாடியில் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொட்டது. காலை பத்து மணிக்கு வேப்பமரத்து நிழலில் 9,000. வடக்கு ஜன்னலின் விளிம்பில் 1,500. திரையை மூடிவிட்டு, கூரையில் ட்யூப் லைட் எரியும்போது டீப்பாய் மேல் 140. பலெனாப்சிஸுக்குத் தேவை 10,000 முதல் 15,000 லக்ஸ் வரை, ஏறக்குறைய அந்த வேப்பமரத்து நிழல். உங்கள் செடிக்குக் கிடைப்பது அதில் நூற்றில் ஒரு பங்கு.

அதற்காக விலையுயர்ந்த விளக்கு எதுவும் வேண்டாம். தேவையானது தூரத்தைக் குறைப்பது. நான்கடி நீள 20 வாட் எல்.இ.டி. ட்யூப் ஒன்று சுமார் 2,000 லூமென் தரும்; லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் மொத்த வெளிச்சத்தின் அளவு. அதைச் செடிக்கு ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டால், இலையின் மேல் 2,500 லக்ஸுக்குச் சற்று அதிகமாக விழுகிறது. நான்கு ட்யூபுகளை நான்கு அங்குல இடைவெளியில் ஒரு பலகையில் பொருத்தினால் ஏறக்குறைய 10,000 வந்துவிடும். பலகையின் அடிப்பக்கத்துக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள். பக்கவாட்டில் சிதறும் வெளிச்சமும் கீழே திரும்பும். இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டால் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். என் ரேக்கில் ஐந்து அங்குலத் தொட்டி எட்டு நிற்கிறது. ட்யூபின் இரண்டு ஓரங்களிலும் வெளிச்சம் நடுவில் உள்ளதில் பாதிதான். ஆகவே பெரிய செடியை நடுவிலும் சிறியதை ஓரத்திலும் வைக்கிறேன்.

கடையில் கேட்க வேண்டியது லூமென் எவ்வளவு என்பது. வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரம். அது கொடுக்கும் வெளிச்சம் எவ்வளவு என்று வாட் சொல்லாது. வெள்ளையின் சாயலைக் குறிக்கும் எண் பெட்டியில் ‘6500 கே’ என்று இருந்தாலும் ‘4000 கே’ என்று இருந்தாலும் செடிக்கு நடைமுறையில் வித்தியாசம் இல்லை. உங்கள் கண்ணுக்கு எது இதமோ அதை வாங்குங்கள். பழைய குண்டு பல்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அது வெப்பமாகத்தான் தள்ளும். வெப்பம் நம் ஊரில் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பதினான்கு மாதம் மங்கலில் இருந்த செடியை முதல் நாளே முழு வெளிச்சத்தில் நிறுத்தாதீர்கள். முதல் வாரம் ஒன்றரை அடி உயரத்தில், ஆறு மணி நேரம். பிறகு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கூட்டி, பன்னிரண்டு மணி நேரம் ஆனதும் விளக்கை ஒரு அடிக்கு இறக்குங்கள். இலை ஓரத்தில் செவ்வூதா படிந்தால் இரண்டு அங்குலம் ஏற்றுங்கள். இலை வெளுத்துத் திட்டாக மாறினால் அது சூடுபட்ட காயம்; ஆறாது. புறங்கையை இலை உயரத்தில் இரண்டு நிமிடம் நீட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் விளக்கு மிக அருகில் இருக்கிறது.

வெளிச்சம் கூடினால் தொட்டியில் மண்ணுக்குப் பதில் நிரப்பியிருக்கும் மரப்பட்டையும் வேகமாகக் காயும். வாரம் ஒருமுறை ஊற்றியவர்கள் நான்கு நாளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டிவரும். தண்ணீர் ஊற்றும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். பிளக் பாயின்ட் தொட்டிகளின் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

செடிக்கென்றே ஊதா நிற ‘குரோ லைட்’ விற்கிறார்களே, அது வெள்ளை விளக்கைவிட நல்லதா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

ஊதா விளக்கிலும் செடி வளரும். இலை அதிகம் உறிஞ்சுவது சிவப்பையும் நீலத்தையும் என்பதால் அந்த இரண்டு நிறத்தை மட்டும் கலந்து கொடுக்கிறார்கள். ஆனால் வெள்ளை எல்.இ.டி. என்பதே நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பூச்சு பூசியதுதான். நீலமும் சிவப்பும் அதில் இருக்கின்றன, பச்சையும் இருக்கிறது. பச்சை ஒளியும் வீணாவதில்லை, இலையின் உள்ளடுக்கு வரை ஊடுருவிப் பயன்படுகிறது.

நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. இணையத்தில் ‘1000 வாட்’ என்று போட்டிருந்த ஊதா விளக்கு ஒன்றை வாங்கினேன். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தபோது அது இழுத்தது 92 வாட். அந்த ஏமாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் கீழே இருந்த செடியில் நடுக்குருத்து அழுகத் தொடங்கியது. ஊதா வெளிச்சத்தில் இலை முழுவதும் ஒரே கறுப்பாகத் தெரிந்ததால் பத்து நாள் எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் மின்வெட்டில் டார்ச் அடித்தபோதுதான் பார்த்தேன். குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. இலையடியில் மாவுப்பூச்சியும் இருந்தது. செடியைத் தினமும் உள்ளபடி பார்க்க முடியாத விளக்கு எனக்கு வேண்டாம். வெள்ளையையே வாங்குங்கள்.

எங்கள் தறி அறையில் இரவிலும் விளக்கு எரியும். ஆர்க்கிட்டை அங்கேயே வைத்தால் 24 மணி நேரமும் வெளிச்சம் கிடைத்துச் சீக்கிரம் வளருமா?
— ஒரு வாசகி, ஆரணி

தயவுசெய்து வைக்காதீர்கள். இந்தச் செடிக்கு இரவு என்பது ஓய்வு நேரம் அல்ல, வேலை நேரம்.

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுக்கும். பலெனாப்சிஸ் மரத்தின் மேல் ஒட்டி வாழும் சாதி. அதன் வேருக்கு ஈரம் நிச்சயமில்லை. பகல் வெயிலில் துளையைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் போய்விடும். அதனால் இரவில் திறந்து, வாயுவை இழுத்து, அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்கிறது. மறுநாள் வெளிச்சம் வந்ததும் துளையை மூடிக்கொண்டு, சேர்த்த அமிலத்திலிருந்து சர்க்கரை செய்கிறது. கள்ளியும் அன்னாசியும் இதே வழிதான்.

நாம் ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று சொல்லும் ரணகள்ளியின் இலை காலையில் புளிக்கும், நடுப்பகலில் புளிப்பு போய்விடும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் இருந்த பெஞ்சமின் ஹைனே என்பவர் இதை நாக்கால் கண்டறிந்து ஒரு கடிதத்தில் எழுதினார். அதைப் படித்துவிட்டு, எங்கள் பள்ளிச் சுவரோரம் முளைத்திருந்த ரணகள்ளி இலையைக் காலை ஆறரைக்கும் மதியம் ஒன்றுக்கும் கிள்ளி நாக்கில் தொட்டுத் துப்பிப் பார்த்தேன். காலையில் புளியங்கொழுந்து, மதியம் வெறும் தழை. ஆர்க்கிட் இலைக்குள் நடப்பதும் அதே கணக்குதான். இரவையும் வெளிச்சமாக்கினால் அந்தச் சுழற்சி குலையும். பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், அதிகபட்சம் பதினான்கு. மீதி நேரம் இருட்டு.

அதற்கு ஒரு டைமர் வாங்குங்கள். பல் திருகும் இயந்திர டைமர் மலிவு; ஆனால் மின்சாரம் நின்றால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக அணையும். நம் பக்கத்து மின்வெட்டுக்கு ஒரே வாரத்தில் நடுராத்திரி வரை எரியத் தொடங்கிவிடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரே சரி.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?
— ஒரு வாசகர், ராணிப்பேட்டை

நான்கு ட்யூப், 80 வாட், பன்னிரண்டு மணி நேரம்: நாளுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 58 யூனிட். வீட்டு இணைப்புக்கு இலவச யூனிட் உண்டு என்றாலும், விசிறியும் ஃபிரிட்ஜும் அதை முன்பே தின்றுவிடும். ஆகவே இதை மேல் படியின் விலையில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலோரத்தில் வைப்பவர்களுக்கு இரண்டு ட்யூப் போதலாம். அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை ட்யூபின் தூசியைத் துடையுங்கள்.

நீங்கள் சொல்வதுபோல விளக்கு போட்டு இரண்டு வருடம் ஆகிறது. இலை இளம்பச்சையாக, திடமாக இருக்கிறது. பூந்தண்டு மட்டும் வரவில்லை. விளக்கைக் கூட்டட்டுமா?
— ஒரு வாசகி, ஆம்பூர்

கூட்ட வேண்டாம். உங்கள் செடிக்கு வெளிச்சக் குறை இல்லை. பலெனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமானால் சில வாரங்களுக்காவது 25 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் இலைதான் விடும். சித்திரையில் நாற்பதைத் தாண்டும் ஊரில் நமக்குக் கிடைப்பது கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று மாதங்கள்தான். நான் கார்த்திகை பிறந்ததும் ரேக்கை வடக்கு ஜன்னலை ஒட்டி நகர்த்தி, இரவு முழுவதும் ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். டைமரையும் காலை ஐந்துக்கு எரிந்து மாலை ஐந்துக்கு அணையும்படி மாற்றிவிடுகிறேன். விளக்கின் சூடு அந்திக் குளிரைக் கெடுப்பதில்லை.

மார்கழிக் கடைசியில் இலையடியைக் கவனியுங்கள். இலைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு முனை தெரியும். உருண்டையாக, வழுவழுப்பாக இருந்தால் அது வேர். சற்றே தட்டையாக, கிளிமூக்குப் போல வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று மூடிய செதிலோடு இருந்தால் அதுதான் பூந்தண்டு. முதல் வருடம் நான் வேரைப் பார்த்துப் பூந்தண்டு என்று நம்பி ஒரு மாதம் காத்திருந்தேன். தண்டு வந்த பிறகு தொட்டியைத் திருப்பாதீர்கள். தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளைந்துகொண்டே போகும். திருப்பினால் மொட்டுகள் திசைக்கு ஒன்றாக நிற்கும். பூ விரிய இன்னும் மூன்று மாதம் ஆகும்.

அந்தக் குளிர்ச்சிக்கு வழியே இல்லாத வீடு என்றால் டென்ட்ரோபியம் என்ற வேறு ஆர்க்கிட்டுக்கு மாறிவிடுங்கள். வெப்பத்தைத் தாங்கிப் பூக்கும் வகைகள் அதில் நிறைய. ஆனால் அதற்கு வெளிச்சம் இரண்டு மடங்கு வேண்டும். ட்யூபை நம்பாமல் பால்கனியில் ஐம்பது சதவீத நிழல்வலைக்குக் கீழே வையுங்கள்.

புயலில் விழுந்த எங்கள் மாமரக் கிளையில் காட்டு ஆர்க்கிட் ஒன்று ஒட்டியிருந்தது. சாம்பல் கலந்த பூ, பழுப்பு வரிகள், நல்ல வாசனை. அறைக்குள் விளக்குப் போட்டு வளர்க்கலாமா?
— ஒரு வாசகர், போளூர்

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது வாண்டா டெஸ்ஸலேட்டா. நம் சமவெளியின் சொந்த ஆர்க்கிட். எங்கள் மாடியில் சிகிச்சைக்காக மூன்று மாதம் தங்கியிருந்த அசாம் குடும்பத்துப் பெண்ணை அமிர்திக்கு அழைத்துப்போனபோது, வழியில் ஒரு மாமரத்தில் இதைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர்கள் ஊரில் நரிவால் போலத் தொங்கும் ஆர்க்கிட் பூவை பிஹு பண்டிகைக்குக் கொண்டையில் சூடுவார்களாம். உங்கள் ஊரிலும் இருக்கிறதே, யாரும் தலையில் வைப்பதில்லையா என்று கேட்டார். அதுவரை நான் அந்த மரத்தைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆர்க்கிட்டில் நான் இறங்கியது அன்றைக்குத்தான்.

உங்கள் செடிக்கு அறையும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். வாண்டா கேட்கும் வெளிச்சம் பலெனாப்சிஸைப் போல மூன்று மடங்கு. வீட்டு ட்யூபால் அதைக் கொடுக்க முடியாது. வேரை வெட்டாமல், பட்டையோடு பெயர்த்து, உயிருள்ள இன்னொரு மாமரத்தில் அல்லது வேம்பில் காலை வெயில் படும் பக்கமாக, ஆள் உயரத்தில் வைத்துக் கட்டுங்கள். கம்பி வேண்டாம், வேரை அறுக்கும். பழைய பருத்திப் புடவைக் கிழிசல் போதும். முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் தண்ணீர் தெளியுங்கள். புது வேர் பச்சை நுனியோடு மரப்பட்டையைப் பற்றுவது தெரிந்த பிறகு நிறுத்திவிடலாம். அதற்குள் துணியும் நைந்து விழுந்துவிடும்.