ஆஸ்பத்திரில போடற கேஸ் ஊசி எல்லாருக்கும் வேணுமா? கேள்வி பதில்

வணக்கமுங்க. நான் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில பார்மசிஸ்டுங்க, வார்டு மருந்து சீட்டெல்லாம் சரிபாக்கறது என் வேலை. அசிடிட்டி மருந்து பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்விகளுக்கு பதில் கீழ.

திருப்பூர்ல இருந்து: அக்கா, எங்கய்யன நிமோனியான்னு வார்டுல சேர்த்திருந்தோம். நல்லாத்தான் சாப்ட்டாரு, வயித்துல ஒரு தொந்தரவுமில்ல, ஆனா தினமும் காலைல கேஸ் ஊசி போட்டாங்க. எதுக்குங்க?

பதில்: அது பெரும்பாலும் வயித்து அமிலத்தைக் கொறைக்கற பேன்டோப்ரசோல் 40 மில்லிகிராமா இருக்கும் தம்பி. இந்தப் பழக்கம் ஐசியூல இருந்து வந்தது. ரெண்டு நாளுக்கு மேல வென்டிலேட்டர்ல இருக்கறவங்க, ரத்தத்த உறைய வெக்கற பிளேட்லெட் அணு 50,000க்கு கீழ போனவங்க, தலையில பலமா அடிபட்டவங்க, பெரிய தீக்காயம் பட்டவங்க, இவங்களுக்கெல்லாம் இரைப்பைல புண்ணாகி ரத்தம் கசியும், அதைத் தடுக்கத்தான் இது. 2024ல வந்த ஒரு பெரிய ஆராய்ச்சில, வென்டிலேட்டர்ல இருந்தவங்க 100 பேர்ல மூணு நாலு பேருக்கு வந்த ரத்தக்கசிவு இந்த மருந்தால ஒருத்தருக்குன்னு கொறஞ்சுது, ஆனா உயிர் பொழைக்கறதுல வித்தியாசமில்ல. உங்கய்யன மாதிரி வார்டுல உக்காந்து சாப்பிடறவருக்கு, வேற காரணம் இல்லீன்னா, தேவையில்லீங்க. சும்மா போட்டா என்னன்னு கேப்பாங்க. உள்ள போற கிருமிய கொல்றதே வயித்து அமிலந்தான், ஆன்டிபயாடிக் ஓடறப்போ அதையும் கொறச்சா சி டிபிசில்ங்கற கிருமி குடல்ல பெருகி பேதி ஆக வாய்ப்பு கூடுது. டாக்டர்கிட்ட தயங்காம "இது எதுக்குங்க, எத்தன நாளைக்குங்க"ன்னு கேளுங்க.

ஈரோடு: அம்மாவுக்கு ஸ்டென்ட் வெச்சு ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் ரெண்டும் ஓடுது. கேஸ் மாத்திரை கெடுதல்னு வாட்சப்ல பாத்து போன வாரம் நிறுத்திட்டோம்.

பதில்: அய்யோ அம்மணி, இன்னிக்கே அவங்க இதய டாக்டர்கிட்ட பேசுங்க. இதுதான் என்னய ரொம்ப கவலப்படுத்தற விஷயம், வேண்டாதவங்க வருசக்கணக்கா போடறாங்க, வேணுங்கறவங்க நிறுத்தறாங்க. ரத்தம் கட்டாம தடுக்கற அந்த ரெண்டு மாத்திரையும் சேர்ந்தா, அதுவும் வயசானவங்களுக்கு, வயித்துல ரத்தம் கசியற ஆபத்து நெசமாவே இருக்கு. இவங்களுக்கு கேஸ் மாத்திரை பாதுகாப்பு. எது போடறதுன்னு மட்டும் பாக்கோணும். க்ளோபிடோக்ரெல் கல்லீரல்ல மாறின பொறவுதான் வேலை செய்யும், ஒமிப்ரசோல்ங்கற கேஸ் மாத்திரை அதுக்கு குறுக்க நிக்கும், பேன்டோப்ரசோல்ல அந்தத் தொல்லை கம்மி. மலம் தார் மாதிரி கருப்பா போனா நேரா ஆஸ்பத்திரிக்கு போயிருங்க.

பொள்ளாச்சி: டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதுன பேன் டி, ரெண்டு வருசமா போடறேன். விட்டா நெஞ்சு எரியுது.

பதில்: திடீர்னு விட்டா அடக்கி வெச்ச அமிலம் கொஞ்ச நாளைக்கு முன்ன விட அதிகமா சுரக்கும், அதனால நோவு திரும்பிருச்சுன்னு அர்த்தமில்ல. டாக்டரக் கேட்டு மெல்ல கொறைங்க. பி12, மெக்னீசியம் பாத்துக்கங்க, நீண்ட நாள் போட்டா கொறையலாம். பேன் டில பேன்டோப்ரசோலோட டாம்பெரிடோன்ங்கற வாந்தி மருந்தும் சேர்ந்திருக்கு, இதயத் துடிப்ப மாத்தற வாய்ப்பு உள்ளதுனால வருசக்கணக்கா போடற மருந்தில்லீங்க.

கோபி: கேஸ் மாத்திரைய சாப்ட்டு போடலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. காலைல சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி.

தாராபுரம்: அப்பத்தா மூட்டு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டே இருக்காங்க, கூட கேஸ் மாத்திரை போட்டா போதுமா?

பதில்: அது வயித்தத்தான் காக்கும், கிட்னிய காக்காது கண்ணு. வலி மாத்திரையவே கொறைக்கற வழிய டாக்டர்கிட்ட கேளுங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்த டெஸ்டும் ஒருக்கா பாத்துருங்க.