பறக்கும் பந்தைப் பார்த்தால் தள்ளாட்டம்: காதா, காலா?

கேள்வி: எனக்கு வயது 44. மாலையில் 40 நிமிடம் ஓடுவேன். முடித்ததும் ஓரமாக நின்று பிள்ளைகள் இறகுப்பந்து ஆடுவதைப் பார்ப்பது வழக்கம். பந்து போகும் பக்கமெல்லாம் கண்ணை ஓட்டும்போது உடம்பு தள்ளாடுகிறது. ஒரு அடி எடுத்து வைத்துத்தான் சமாளிக்கிறேன். தலை சுற்றுவதில்லை, கண் இருட்டுவதும் இல்லை. ஓடாத நாளில் அதே இடத்தில் நின்று பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. காதில் கோளாறாக இருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு ஸ்கேன் தேவையில்லை. ஓடாத நாளில் ஒன்றும் ஆவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. உள்காதுக் கோளாறு பெரும்பாலும் ஓடிய நாள், ஓடாத நாள் என்று பார்த்து வராது.

அசையாமல் நிற்பதாக நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். உடலின் பாரம் கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுவதால், உடம்பு எந்நேரமும் முன்பக்கம் சாயப் பார்க்கும். கெண்டைக்கால் தசைதான் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. வெறுங்காலோடு நின்று கவனித்துப் பாருங்கள்: பாரம் முன்பாதத்துக்கும் குதிகாலுக்குமாகப் போய்ப் போய் வரும், விரல்கள் அவ்வப்போது தரையை அழுத்தும். உள்ளங்கையில் குச்சியை நிறுத்துபவர் கையை ஆட்டிக்கொண்டே இருப்பது போலத்தான் இதுவும்.

ஓடிக் களைத்த கெண்டைக்காலில் இரண்டு சங்கடங்கள். தசையின் இழுப்பு சீராக இருக்காது, கூடிக் குறையும். இது பலருக்கும் தெரியும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகள் அதே தசைக்குள்தான் இருக்கின்றன. தசை களைத்தால் அவை அனுப்பும் செய்தியும் மங்கிவிடும். மேல்மூச்சு வாங்கும்போது நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதால் உடம்பு இன்னும் கொஞ்சம் ஆடும்.

காலிலிருந்து வரும் செய்தி தெளிவில்லாதபோது மூளை கண்ணைக் கூடுதலாக நம்புகிறது. எதிரே இருக்கும் சுவர், மரம் எல்லாம் அசையாமல் தெரிந்தால் நாம் நேராக நிற்கிறோம். அவை நகர்வது போலத் தெரிந்தால் சாய்கிறோம் என்று கணக்கு. களைத்த காலோடு கண்ணை மூடி நின்றால் ஆட்டம் நன்றாகத் தெரிவது இதனால்தான். (சோதித்துப் பார்க்கத் தோன்றினால் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.)

சரி, இந்த நேரத்தில் கண்ணுக்கு நீங்கள் கொடுக்கும் வேலை என்ன? பந்தை விடாமல் பின்தொடர்வது. கண் பந்தோடு வழுக்கிப் போகும்போது பின்னணிக் காட்சி விழித்திரையில் எதிர்ப்பக்கமாக ஓடும். நகர்ந்தது கண்ணா, உடம்பா என்று மூளை பிரித்தாக வேண்டும். அதில் கொஞ்சம் பிசகினாலும் தள்ளாட்டம்தான். கண் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குச் சட்டென்று தாவுவது வேறு விஷயம். அதுவும் உடம்பை ஆட்டிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஆய்வுகளில் அப்படித் தாவும்போது ஆட்டம் பொதுவாகக் கூடுவதில்லை. பலமுறை குறைந்தே இருக்கிறது. போதாததற்கு, உயரே போகும் பந்துக்காகத் தலையையும் அண்ணாந்து பார்க்கிறீர்கள். அந்த நிலையில் உள்காதின் சமநிலை உறுப்பும் வழக்கமான கோணத்தில் இருக்காது.

அதனால் ஓட்டத்தை நிறுத்த வேண்டாம், முடிக்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். சட்டென்று நிற்காமல் சில நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு, அப்புறம் ஆட்டத்தை உட்கார்ந்து பாருங்கள். இந்தக் களைப்பின் பாதிப்பு பெரும்பாலும் கால் மணி, அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நின்றுதான் பார்ப்பேன் என்றால் கால்களைச் சற்று அகட்டி வைத்து, கம்பியையோ சுவரையோ விரல்நுனியால் தொட்டுக்கொள்ளுங்கள். சாய வேண்டியதே இல்லை, லேசாகத் தொட்டாலே ஆட்டம் கண்கூடாகக் குறையும். ஓடாத நாட்களில் சுவரோரம் ஒற்றைக்காலில் நின்று பழகுவதும், குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சியும் கெண்டைக்காலுக்கு நல்லது.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். அண்ணாந்து பார்க்கும்போதோ படுக்கையில் புரளும்போதோ இடமே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் அது உள்காதில் கால்சியத் துகள் இடம் மாறியதால் இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பிச் செய்யும் எளிய சிகிச்சையே பெரும்பாலும் போதும். களைப்பு இல்லாத நாளிலும் தள்ளாட்டம் வந்தால், இருட்டில் நடக்கத் தடுமாறினால், பாதம் மரத்துப்போனால் நேரில் பரிசோதனை அவசியம். சர்க்கரை அளவையும் பார்க்க வேண்டும். திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் பலமிழப்பது, நிற்கவே முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.