அடுத்த தலைமுறை கிராபிக்ஸ் சிப் வந்தால் லேப்டாப் டெஸ்க்டாப்பை எட்டிவிடுமா?

பெயரில் எட்டும், வேகத்தில் எட்டாது என்பதுதான் என் கணிப்பு. காரணம் சூடு. என்விடியா நிறுவனத்தின் டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டான ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட் மின்சாரம்; 2025இல் வந்த 5090க்கு 575 வாட். அதே பெயருள்ள லேப்டாப் சிப்புகளுக்கோ இரண்டு தலைமுறையிலும் உச்சம் 175 வாட்தான். அதற்கு மேல் ஏற்றினால், அந்த மெல்லிய உடம்புக்குள் சேரும் வெப்பத்தைச் சின்ன விசிறிகளால் வெளியே தள்ள முடியாது. சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்புறம், லேப்டாப் 5090க்குள் இருப்பது ஒரு படி கீழான டெஸ்க்டாப் 5080 வகைச் சிப். மெமரியும் 32க்குப் பதில் 24 ஜிபி. அதனால் அடுத்த சிப் எட்டிவிடும் என்ற வதந்தியை நம்பிக் காத்திருக்காதீர்கள். வாங்கும்போது அந்த மாடல் சிப்புக்கு எத்தனை வாட் கொடுக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். அதே 5090 பெயரில் 95 வாட் மட்டும் கொடுக்கும் லேப்டாப்புக்கும் அனுமதி உண்டு.